அருவி வெட்டும் பின்பாட்டும்

வவுனிக்குளம், இரணைமடு, கணுக்கேணி, தண்ணிமுறிப்பு என்று நீரின் பெயரையே ஊரின் பெயராகவும் சூடிக்கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பின் சரித்திரத்தை அறிய விரும்புவோர், வவுனியா, முல்லைத்தீவுப் பிரதேசங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் துரை 1895 இல் வெளியிட்ட பெருநூலைப் புரட்டுவதோடு அமையாது, அந்நிலத்து வயல்களிலே பாடப்பட்ட பாட்டுகளையும் செவிமடுத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

காலபோக நெல் முற்றி, தை மாசியில் அருவி வெட்டுத் தொடங்கும்போது, நிரையாக நின்று அரிவாள் பிடித்தவர்களுள் குரல்வளமுள்ள ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை ஏற்றுப் பாட, கைவீச்சும் தாளமும் ஒன்றாகிவிடும். கதிர்க்கட்டுச் சுமக்கும் இளையோரும் அந்தப் பின்பாட்டிலே சேர்ந்துகொள்வர். அப்பாட்டைத் தமதென்று சொல்லிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. குரல் கொடுத்தவர் அனைவரும் அதனை ஆக்கியவர்களே. சூடு மிதிக்கும் களத்திலோ, நெல்லை நெல்லென்னாது 'பொலி' என்று வழங்கும் சம்பிரதாயத்தை இளையோர் பாட்டின் வாயிலாகவே பழகினர்.

ஆனால் என் நெஞ்சை அதிகம் கவர்வது இராக்காவலே. வனத்தின் விளிம்பில், யானையும் பன்றியும் எப்போது இறங்குமோ என்று பரணில் விழித்திருக்கும் இளைஞன், உறக்கத்தையும் அச்சத்தையும் ஓட்டுதற்குக் குரலெடுத்துப் பாட, இருளுக்கு அப்பால் அடுத்த பரணிலிருந்து மறுகுரல் எழும். அவ்விரு குரல்களுக்கும் இடையே கேட்கும் சருகின் ஓசை காற்றினாலா, விலங்கினாலா என்று பகுத்தறியும் செவியும் அவனுக்கு அங்கேயே வாய்த்தது. விரட்டப்பட்ட பன்றியின் பெயரால் பண்டிப்பள்ளும், கதிர் கொத்திய பறவைகளின் பெயரால் குருவிப்பள்ளும் வன்னியில் வழங்கிவந்தமை, பகையென நினைத்த ஜீவன்களையும் பாட்டுக்குள் வரவழைத்த அம்மாந்தரின் மனவிரிவைக் காட்டுகிறது.

உழவு இயந்திரம் களத்தினுள் புகுந்தபின் அதன் இரைச்சலில் பாட்டு ஒடுங்கியது. பின்னர் வந்த யுத்தமும், 2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளும் பாடியோரையும் கேட்போரையும் பிரித்துவிட்டன. இப்போது பாடசாலைப் பிள்ளைகள் சீருடையோடு மேடையேறி அருவி வெட்டுப் பாட்டைப் பாடக் கேட்கையில் என் மனம் நெகிழ்கின்றது. அப்பிள்ளைகளை ஒரு தைமாதக் காலையில், பனி காயுமுன், இரணைமடுவின் கீழுள்ள வயலொன்றுக்கு அழைத்துச் சென்று, முதலடியை எடுத்துக் கொடுக்க முதியவர் ஒருவரையும் உடன் நிறுத்த வேண்டும். அடிக்கும் அடிக்கும் இடையே கொக்குகள் எழும் ஓசையையும் அவர்கள் கேட்பார்கள்.