ஊசி பிடித்த கைகள்

"அமெரிக்கா போயிட்டு வந்தீங்களே டீச்சர், என்னதான் பாத்தீங்க?" என்று தோட்டத்தில் பலரும் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும், எல்லாருக்கும் சேர்த்து இதிலேயே சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். என் சித்தி மகள் அங்கே தாதியாக வேலை பார்க்கிறாள். விமானச் சீட்டு அவள் எடுத்துக் கொடுத்தது. ஆசிரியர் சம்பளத்தில் போய் வந்தேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்!

வாசிங்டன் நகரின் நடுவே நீண்டதொரு புல்வெளி. அதன் இருபுறமும் அரும்பொருளகங்கள். ஸ்மித்சோனியன் என்பது அவற்றின் பொதுப்பெயர். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1829-இல் இறந்தார். அவர் எழுதி வைத்த சொத்தைக் கொண்டு 1846-இல் இந்நிலையம் உருவானது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அமெரிக்க மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை! இன்றும் உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது.

முதலில் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போனோம். அங்கே ஓர் இருட்டறை. கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பார்த்தால், சாய்வாகக் கிடத்திய ஒரு பழைய கொடி. கொடியா அது! நம் பள்ளி மண்டபத்தில் விரித்தால் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்துவிடும். முப்பது அடி அகலம், நீளம் முப்பத்து நான்கு அடி. முதலில் நாற்பத்திரண்டு அடி இருந்ததாம். நினைவுப் பொருளாக வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதை வைத்திருந்த குடும்பத்தார் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்ததில் குறைந்துவிட்டது. பதினைந்து நட்சத்திரங்களில் ஒன்று மட்டும் காணாமல் போய்விட்டது. ஒளி பட்டால் கம்பளி இழை இற்றுப்போகும் என்பதால்தான் அந்த இருட்டு.

இதன் கதையைக் கேளுங்கள். பதின்மூன்று குடியேற்றப் பகுதிகள் சேர்ந்து 1776-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்தன. 1812-இல் இரு நாடுகளுக்கும் மறுபடி போர் மூண்டது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாசிங்டனுக்குள் புகுந்து அதிபர் மாளிகைக்கே தீ வைத்தது. அடுத்த மாதம் பால்டிமோர் துறைமுகத்தைக் காத்து நின்ற மெக்ஹென்றி கோட்டையின் மேல் இருபத்தைந்து மணி நேரம் குண்டு மழை. கோட்டை விழவில்லை. விடிந்ததும் இந்தக் கொடி ஏறியது. கப்பலிலிருந்து அதைப் பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வழக்கறிஞர் பாட்டு எழுதினார். 1931-இல் அதுவே அந்நாட்டின் தேசிய கீதமாயிற்று.

கீயின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். கொடியைத் தைத்தது யார்? மேரி பிக்கர்ஸ்கில் என்ற விதவைப் பெண்மணி. கொடி தைப்பதே அவர் பிழைப்பு. 1813-இல் தன் மகளையும் அண்ணன் மகள்களையும் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். வீட்டில் விரிக்க இடம் போதாமல் பக்கத்து மதுவடிப்பாலையின் தரையில் விரித்து, மண்டியிட்டுத் தைத்தார்கள். கூலியும் துணியும் சேர்த்து 405 டாலர் 90 காசு.

அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கையும் இருந்தது. கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமி. வயது பதின்மூன்று. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் தாயே கொண்டுவந்து விட்ட பிள்ளை. வீட்டு வேலையும் தையலும் கற்றுக்கொடுப்பதாகப் பேச்சு. அவளும் கொடி வேலையில் சேர்ந்து உழைத்தாள். ஆனால் நெடுங்காலம் எந்தக் கதையிலும் அவள் பெயர் வரவில்லை. ஒப்பந்தம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் இந்தியர் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல்தான் ஒழிந்தது. நம்மில் பலருடைய கொள்ளுப்பாட்டன்மார் அப்படி வந்தவர்களே. அந்த இருட்டில் நான் நெடுநேரம் நின்றது கீயின் பாட்டுக்காக அல்ல. அவர் விடுதலையைப் பாடியவர்தான். ஆனால் சொந்தமாக அடிமைகள் வைத்திருந்தவர்.

அதே கட்டடத்தில் ஒரு சின்ன மேசைப் பெட்டி இருக்கிறது, மடியில் வைத்து எழுதுவதற்கு. அதன்மேல் வைத்துத்தான் தாமஸ் ஜெபர்சன் 1776-இல் விடுதலைப் பிரகடனத்தை எழுதினார். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற கருத்து பிறந்த மேசை அது. சற்றுத் தள்ளி, 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அரும்பொருளகத்தில் ஜெபர்சனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பின்னால் செங்கல் அடுக்கு. கல்லில் பெயர்கள். வாழ்நாளில் அவர் அடிமைகளாக வைத்திருந்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்காக அடுக்கிய கற்கள் அவை. இப்படித் தங்கள் தலைவரைப் பற்றித் தாங்களே எழுதி வைக்க ஒரு நாட்டுக்குத் துணிச்சல் வேண்டும். அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுநாள் விண்வெளி அரும்பொருளகம். 1976-இல் திறந்தது. பிள்ளைகளே, உங்களுக்கு இதுதான் பிடிக்கும்! ரைட் சகோதரர்களின் 1903 விமானம் அங்கே இருக்கிறது. டிசம்பர் 17-ஆம் நாள் முதல் தடவை பன்னிரண்டு விநாடி பறந்தது, 120 அடி தூரம். அன்றைக்கே நான்காம் தடவை 59 விநாடி. அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ்கூட வாங்காதவர்கள். (இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கு மட்டம் போடாதீர்கள்!) அவர்களின் தங்கை கேதரின் ஓர் ஆசிரியை. இறக்கைக்குப் போர்த்திய பருத்தித் துணியைச் சகோதரர்களே தையல் இயந்திரத்தில் தைத்தார்கள். இன்று அதன்மேல் இருப்பது 1985-இல் மாற்றிய துணி.

நிலவிலிருந்து மூவரைத் திருப்பிக் கொண்டுவந்த அப்போலோ 11-இன் கூண்டையும் பார்த்தேன். வெப்பத்தில் கருகிய மேனி. ஆனாலும் எனக்கு மறக்க முடியாதது நீல் ஆம்ஸ்ட்ராங் போட்டிருந்த உடுப்பு. இருபத்தொரு அடுக்கு. 1969 ஜூலையில் நிலவில் அவர் உயிரைக் காத்தது இதுதான். இதைச் செய்தது பீரங்கித் தொழிற்சாலை அல்ல. டோவர் என்ற ஊரில் பெண்களுக்கு உள்ளாடையும் குழந்தைகளுக்கு ரப்பர் சட்டியும் செய்துவந்த கம்பெனி. எலினார் ஃபோரேக்கர் போன்ற தையல்காரப் பெண்கள் தைத்தார்கள். தையல் மயிரிழை விலகினாலும் தள்ளுபடி. ஒரு குண்டூசி உள்ளே மறந்து கிடந்தால் போதும், ஆள் காலி. அதனால் ஊசிகளுக்குக் கணக்கு வைத்தார்கள்.

கப்பலின் கணிப்பொறி இருக்கிறதே, அதன் நினைவகத்தையும் பெண்கள்தான் வால்தம் ஊர்த் தொழிற்சாலையில் கையால் பின்னினார்கள். செம்புக் கம்பி சிறு வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் சுழி. இப்படியே ஆயிரக்கணக்கில். ஒரு கம்பி தப்பினால் கணக்குத் தப்பும்.

கைப்பேசியில் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். உடுப்புப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்.

"முழங்கால் மடிப்பில என்ன இருக்கு?"

"ரப்பர்ம்மா. மரத்துப் பாலும் செயற்கை ரப்பரும் கலந்து செஞ்சது. இப்ப அது இறுகி வெடிக்குதாம். அதான் குளிர்ல, மங்கின வெளிச்சத்துல வச்சிருக்காங்க."

"வெடிக்காம? ரப்பர வெயில்ல போட்டா என்னாகும்னு எங்கள கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

நம் தோட்டத்துப் பால்தான் நிலவுக்குப் போனது என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் அந்த 1969-இல் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் கொடுத்த நாடு மலேசியா. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டி மரம் வெட்டியவர்கள் யார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். தாத்தா பெயர் பலருக்குத் தெரிந்தது. பாட்டி பெயரைக் கேட்டால், "பாட்டி, டீச்சர்" என்கிறார்கள்!

ஆகவே ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இந்தத் தவணை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யார், எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை வருஷம். பழைய செக்ரோல் புத்தகங்கள் யார் வீட்டிலாவது கிடந்தால் கொடுத்து உதவுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். பரிசளிப்பு விழாவன்று மண்டப வாசலில் ஒரு மேசை போடுகிறோம். பால் மங்கு, வாளி, நெற்றி விளக்கு, என் அம்மாவின் பால்வெட்டுக் கத்தி எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் அதைப் பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு.

கத்தியைக் கொடுக்கும்போது அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேரு சரியாத்தான் இருக்கு. கத்திய பிள்ளைங்க கைக்கு எட்டாம வை."