ஞாயிறு காலை ராமாயணம்

திருச்சி–கரூர் சாலையில், காவிரிக்கரை ஊரான ஜீயபுரம் போன்ற இடங்களில் அன்று டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1987 ஜனவரி 25-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியதும், ஞாயிறு காலைகளில் அந்த வீடுகளின் கூடங்கள் நிரம்பின. இந்தி தெரியாதவர்களுக்கும் கதை புரிந்தது. பாட்டி சொன்ன கதைதானே!

படம் புள்ளி புள்ளியானால் ஒருவர் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புவார். "இப்ப தெரியுதா?" என்று மேலிருந்து குரல் வரும். "இன்னும் கொஞ்சம்!" என்று கூடமே பதில் சொல்லும்.

தொடர் 1988 ஜூலையில் முடிந்தது.

ஊரடங்கில், 2020 மார்ச் 28-ல், அது மீண்டும் வந்தது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. முதல்முறை தரையில் உட்கார்ந்து பார்த்த சிறுவர்கள், இம்முறை தங்கள் பிள்ளைகளோடு பார்த்தார்கள்.

பழைய தொடரைக் கைபேசியில் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.