பழைய இழுப்பறைக்குப் புதுக் கைப்பிடி

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எனக்கு 'திர்வார்' என்ற சொல்தான் முதலில் தெரியும். 'இழுப்பறை' பிறகு வந்தது. இரண்டும் ஒரே மாதிரி பிறந்த சொற்கள். பிரெஞ்சில் 'தீரே' என்றால் இழு. நாம் சொல்லும் பீரோவும் பிரெஞ்சுச் சொல்தான். முதலில் அது மேசை மீது விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. பிறகு அந்த மேசைக்கும், அதன்பின் மேசை இருந்த அலுவலகத்துக்கும் பெயராயிற்று. நம் வீட்டில் துணி வைக்கும் அலமாரிக்கு வந்து நின்றது.

நம் தஞ்சைப் பக்கத்து வீடுகளின் பழைய சாமான்கள் பத்தாயமும் மரப்பெட்டியும். அவற்றுக்குக் கொண்டி, நாதாங்கி, இரும்பு வளையம் போதும். முன்பக்கம் இழுக்கும் அறை வைத்த மேசை கடல் வழியாக வந்தது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1620இல் தரங்கம்பாடியில் டேனியர், 1658இல் நாகையைப் பிடித்த டச்சுக்காரர், 1739இல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் என்று ஒரே கரையில் இத்தனை பேர். மேசை, அலமாரி, சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். வேலை மட்டும் நம் ஆசாரிகளுடையது.

"தாத்தா காலத்து மேசை, ஒரு கைப்பிடி போய்விட்டது, எதை வாங்கிப் போடலாம்?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். கடைக்குப் போகும் முன் இழுப்பறையை வெளியே எடுத்து உட்புறம் பாருங்கள். ஒரு துளை இருந்தால் குமிழ் இருந்த இடம். இரண்டு இருந்தால் தொங்கும் வளைவுக் கைப்பிடி. மரக்கட்டை வைத்து அடைத்த துளை தெரிந்தால் முன்பே யாரோ மாற்றியிருக்கிறார்கள். முன்பலகையில் பழைய பித்தளைத் தகட்டின் நிழல் பதிந்திருக்கும். அதுதான் சரியான அளவு.

மர ஆணியையும் கழற்றிப் பாருங்கள். கூர்முனை வைத்த திருகாணி 1850ஐ ஒட்டித்தான் பரவியது. மொட்டை முனை இருந்தால் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மீதிக் கைப்பிடிகள் இருந்தால் ஒன்றை மாதிரியாக வைத்து வார்க்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மண் அச்சில் பித்தளை வார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் உண்டு. ஒரு விஷயம்: பித்தளை ஆறும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும். 3 அங்குல இடைவெளியில் அது 1 மில்லிமீட்டருக்கு மேல். பழைய துளையில் உட்காராது. மாதிரியைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

என் உறவினர் ஒருவரிடம் ஒரு கடைக்காரர், "எட்டையும் கொடுங்கள், புது செட் இலவசமாகப் போட்டுத் தருகிறேன்" என்றாராம். ஒன்று போனதற்கு ஏழு நல்ல கைப்பிடிகளையும் கொடுப்பதா? அவர் கொடுத்துவிட்டார். புது செட்டுக்கு வேறு அளவில் துளை போட்டார்கள். இன்று அந்த மேசை எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் பழைய பதிவேட்டில் சுரண்டி எழுதக் கூடாது. பக்கத்தில் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மேசைக்கும் அதே விதிதான். புதுத் துளை வேண்டாம். உடைந்த கைப்பிடியை ஒரு துணியில் முடிந்து, எந்த வருடம் எந்த ஊரில் புதியது வார்த்தது என்று ஒரு சீட்டெழுதி, அதே இழுப்பறையின் மூலையில் வைத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.