தூண்டுதல்

'தூண்டு' என்றால் கிளறிவிடு, முடுக்கு. மீனுக்குப் போடும் தூண்டிலும் விளக்குத் திரியை ஏற்றும் தூண்டுகோலும் இதே வேரில் பிறந்தவை. "பையன் தங்கமானவன், கூட்டாளிங்கதான் தூண்டிவிட்டுட்டாங்க" என்ற புலம்பல் மலேசியாவின் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் பொது. இந்தியாவின் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த மலேசியக் குற்றவியல் சட்டம் இந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. தூண்டுவது, கூடிச் சதிசெய்வது, உதவுவது மூன்றையும் 107-ஆம் பிரிவு உடந்தை என்கிறது; மலாயில் 'பெர்சுபாஹாட்'. தூண்டிய குற்றம் நடந்துவிட்டால், தனித் தண்டனை குறிக்கப்படாதபோது, 109-ஆம் பிரிவின்படி தூண்டியவருக்கும் அதே தண்டனை. நியாயம்தான்! ஆனால், செய்தவர் இதனால் தப்பிவிடுவதில்லை. 94-ஆம் பிரிவின் விலக்கு மிரட்டலுக்கு மட்டுமே: அந்தக் கணமே உயிர் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்திருக்க வேண்டும். கொலைக்கு அதுவும் செல்லாது.