ஊர் சுற்றிக் கற்ற உழவுப் பாடம்



பெரிய காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். நம் கல்லூரியில் புகுமுக வகுப்பை முடித்துவிட்டு வேளாண்மை படித்து, மேல்நிலைப் பள்ளியில் அதையே கற்பித்து ஓய்வு பெற்றேன். "பட்டு ஊர்ல ஏர் பாடமா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பட்டுக்குப் பெயர்போன இந்த ஊரைச் சுற்றிலும் ஏரிகளும் நெல்வயல்களும்தானே!

1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவில் வேளாண்மையும் இடம்பெற்றது. புத்தகம் இருந்தது, கரும்பலகை இருந்தது. ஆனால் கரும்பலகையில் நாற்று முளைக்காதே! ஆசிரியன் முதலில் நாலு ஊர் வயலைப் பார்த்தாக வேண்டும். இது புதிய கருத்தல்ல; நம் நாட்டு வேளாண் கல்வியின் வரலாறே இதைத்தான் சொல்கிறது.

1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி தோன்றியது. அன்று சைதாப்பேட்டை நம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பள்ளி 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்து, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விதையானது. இதற்கிடையில், 1889-ல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலார் இந்திய உழவைச் சீர்திருத்த வழி சொல்ல வந்தார். ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றினார். 1893-ல் வெளியான அவரது அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? நல்ல இந்திய உழவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்குச் சளைத்தவனல்ல, சில வகைகளில் அவனைவிட மேல் என்றது! சொல்லிக்கொடுக்க வந்தவரைக் கற்றுக்கொள்ள வைத்தது அந்தப் பயணம்.

அடுத்து மார்த்தாண்டம். அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊரில், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமச் சீரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவு முறையில் முட்டை விற்பனை என்று எல்லாமே கண்ணெதிரே நடந்தன. வெளியூர்களிலிருந்து ஆசிரியர்களும் ஊழியர்களும் வந்து, செய்து பார்த்துப் பழகிப் போனார்கள். "செய்து கற்றல்" என்ற இதே கொள்கையில்தான் 1974-ல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் பிறந்தது.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் லொலானியே உருவாக்கியது திருந்திய நெல் சாகுபடி. பதினான்கு, பதினைந்து நாள் இளநாற்றை ஒற்றை நாற்றாக, சதுர இடைவெளியில் நடுவது அதன் முறை. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். 2003-ல் ஆந்திர வேளாண் பல்கலைக்கழக விரிவாக்க இயக்குநர் அலபாட்டி சத்தியநாராயணா இலங்கைக்குப் போய் இதை நேரில் கண்டார். அதே ஆண்டிலேயே ஆந்திர உழவர்களின் வயல்களில் சோதனை தொடங்கியது. ஒரே ஒரு பயணம்தான்!

எங்கள் ஆசிரியர் குழுவும் அப்படியொரு வயலைப் பார்த்துவிட்டு வந்தது. வகுப்பில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதை விளக்கினேன். ஒரு மாணவன் எழுந்தான். "சார், ஏரித் தண்ணி நம்ம முறை வர்றப்பதானே கிடைக்கும்? நாம நெனச்சப்ப எப்படிக் காயவிட்டுப் பாய்ச்சறது?" என்றான். சரியான கேள்வி. மடை அவன் கையில் இல்லையே!

அடுத்த சுற்றுலா உத்திரமேரூருக்கு. 921-ஆம் ஆண்டு பராந்தக சோழன் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலையில் தேர்வு, 360 நாள் பதவி என்று எழுதியிருக்கிறது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அதில் இடம். வயது 35-க்கு மேல், 70-க்குள். என் மாணவர்கள் சிரித்தார்கள். "அப்பவும் நமக்குச் சீட்டு இல்ல சார்!"

சிரிப்புதான், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. இளம் உழவர் மன்றம் என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் பையன்கள் நிலத்தில் நிற்பார்களா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ் காலையிலேயே ஊருக்குள் வந்து நிற்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீர் பங்கிடும் இடத்தில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் விதை, உரப் பாடத்தோடு ஏரிக் கணக்கும் சேர்ந்தது. மடை எத்தனை, கடைமடைக்கு எப்போது நீர் எட்டுகிறது என்று பையன்களே நடந்து பார்த்துக் குறித்து, பெரியவர்கள் முன் பேசினார்கள்.

சுற்றுலாவால் ஆசிரியனுக்குக் கிடைப்பது பிறர் விடையல்ல, தன் ஊருக்கான கேள்வி. ஆகவே முன்னாள் மாணவர்களாகிய நாம் ஆண்டுக்கொரு முறையாவது வட்டாரப் பள்ளிகளின் வேளாண் ஆசிரியர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வோமா? கூடவே இரண்டு மாணவர்களும் ஏறட்டும். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே!