சீதபேதி அமீபாவும் அதன் சாயலும்

ருஷ்ய சாம்ராஜ்யத்தின் தலைநகராக விளங்கிய ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், வடகோடி ஆர்க்கேஞ்சல் பிரதேசத்திலிருந்து வந்து ஓயாத கழிச்சலால் மெலிந்துகொண்டிருந்த ஓர் ஏழைக் குடியானவனின் மலத்தை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து நாள்தோறும் பரிசோதித்துவந்த ஃபியோதர் லோஷ் என்ற வைத்தியர், அதில் ஊர்ந்து திரிந்த அமீபாக்களைப் பற்றி 1875-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார். அந்த அமீபாக்களை அவர் நான்கு நாய்களின் குடலில் செலுத்திப் பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் புண் கண்டது. நான்கில் ஒன்று என்ற இந்தக் கணக்கு, பின்னால் ஒரு நூற்றாண்டுக் காலம் வைத்திய உலகத்தை அலைக்கழித்த பிரச்னைக்கு முன்னறிவிப்பாக அமைந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அமீபாவே நோயின் மூலகாரணம் என்று சொல்ல லோஷ் துணியவில்லை. வேறு காரணத்தால் உண்டான புண்ணை அது ஆறவிடாமல் வளர்க்கிறது என்ற அளவிலேயே அவருடைய அபிப்பிராயம் நின்றது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர்களான கவுன்ஸில்மனும் லஃப்ளரும் 1891-இல், குடற்புண்ணையும் கல்லீரலில் சீழ் கட்டுவதையும் இந்த அமீபாவோடு தெளிவாக இணைத்து எழுதினர். ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷாடின் 1903-இல், மனிதக் குடலில் சாதுவாக வாழும் எண்டமீபா கோலை வேறு, திசுவைக் கரைத்துப் புண்ணாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா வேறு என்று பிரித்துப் பெயரிட்டார். அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு முதிர்ந்த பின் அதில் எட்டு உட்கருக்கள் இருந்தால் முன்னது, நான்கு இருந்தால் பின்னது என்ற விதி அடுத்து வந்தவர்களால் நிலைநாட்டப்பட்டது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கையே ஒட்டிய குறுக்களவுள்ள அந்த உருண்டைக்குள் உட்கருக்களை எண்ணுவதே நிபுணனின் வேலையாயிற்று.

ஆனால் அந்த எண்ணிக்கை உண்மை முழுவதையும் சொல்லவில்லை. மணிலா நகரின் பிலிபிட் சிறைச்சாலையில் வாக்கர், ஸெல்லர்ட்ஸ் என்ற இருவர், 1913-இல் வெளியான தங்கள் ஆராய்ச்சிக்காக, இசைந்து முன்வந்த 20 கைதிகளுக்கு நான்கு உட்கருக் கூடுகளை உண்ணக் கொடுத்தனர். 18 பேரின் குடலில் அமீபா குடியேறியது. சீதபேதி கண்டதோ 4 பேருக்குத்தான். சிறைப்பட்ட மனிதனின் இசைவு எவ்வளவு தூரம் இசைவாகும் என்ற கேள்வி இன்று அந்தப் பக்கங்களைப் படிப்பவர் நெஞ்சை உறுத்தாமல் இராது. எனினும் அந்தச் சோதனையின் முடிவு விஞ்ஞானத்துக்கு ஒரு புதிராகவே நின்றது. மற்றவர்கள் ஏன் நோயுறவில்லை? கிருமியைச் சுமந்துகொண்டு தாம் நலமாயிருந்து பிறருக்குப் பரப்பும் ‘வாஹகர்கள்’ அவர்கள் என்ற விடை எல்லோருக்கும் திருப்தியளித்தது.

திருப்தியடையாதவர் ஒருவர் பாரிஸில் இருந்தார். எமில் புரூம்ப்ட் என்ற அந்தப் பேராசிரியர், நான்கு உட்கருக் கூடு இரண்டு வெவ்வேறு இனங்களுக்கும் பொதுவானது என்றும், அவற்றுள் ஒன்றே மனிதனைக் கொல்லவல்லது, மற்றொன்று ஆயுள் முழுவதும் குடலில் இருந்தும் தீங்கு செய்யாதது என்றும் 1925-இல் அறிவித்து, அந்தச் சாதுவான இனத்துக்கு எண்டமீபா டிஸ்பார் என்று பெயரிட்டார். சீதபேதி மலிந்த தேசங்களிலும் அதை அறியாத தேசங்களிலும் அதே கூடு காணப்படுவதையும், நோயற்றவரிடமிருந்து எடுத்த அமீபா பூனைக்குட்டியின் குடலில் கொடிய புண்ணை உண்டாக்காததையும் அவர் ஆதாரமாகக் காட்டினார். தர்க்கம் வலுவானதே. ஆயினும் உருவத்தைக் கொண்டே இனத்தை நிர்ணயித்த அக்காலத்து ஜீவசாஸ்திரம், கண்ணுக்குப் பேதம் தெரியாத இரண்டை இரண்டென்று ஒப்ப மறுத்தது. புரூம்ப்ட் 1951-இல் தம் கொள்கை அங்கீகரிக்கப்படுவதைக் காணாமலே காலமானார்.

நெடுங்காலம் உறங்கிக்கிடந்த அந்தக் கொள்கையை லண்டன் உஷ்ணப்பிரதேச வைத்தியப் பள்ளியில் ஸார்ஜண்ட் என்பவரும் அவர் சகாக்களும் 1978-இல் எழுப்பினர். நோயாளிகளிடமிருந்தும் நோயற்றவர்களிடமிருந்தும் பெற்ற அமீபாக்களைக் குழாய்களில் வளர்த்து, அவற்றைச் சிதைத்து, அந்தச் சாற்றை ஸ்டார்ச்சினால் ஆன களிப்பலகையில் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார்கள். ஒரே வேலையைச் செய்யும் என்ஸைம்கூட மரபு மாறினால் மின்னேற்றத்தில் சிறிது மாறி, பலகையில் வெவ்வேறு தூரம் ஓடும். சாயமேற்றினால் அதன் இடம் பட்டையாகத் தெரியும். புண்ணாக்கும் அமீபாக்களின் ஹெக்ஸோகைனேஸ் என்ற என்ஸைம் விரைந்து ஓடியது. சாதுவானவற்றின் பட்டைகள் பின்தங்கின. இப்படிப் பட்டைகளின் அமைப்பால் பிரித்த கூட்டங்களுக்கு ஜைமோடீம் என்று பெயர். பல தேசங்களிலிருந்து வந்த மாதிரிகளைச் சோதித்த பின்னும் இந்தப் பிரிவினை குலையவில்லை.

இந்தச் சமயத்தில் இஸ்ரேலில் மிரெல்மன் குழுவினர், சாதுவான அமீபாவை அதனோடு வளரும் பாக்டீரியாக்களிலிருந்து படிப்படியாகப் பிரித்து வளர்த்தபோது அதன் பட்டைகள் கொடிய இனத்தினுடையவையாக மாறிவிட்டன என்று 1986-இல் அறிவித்தனர். அது மெய்யானால் புரூம்ப்டின் கொள்கை அடியோடு சாய்ந்துவிடும். ஒரே ஜீவன் சூழ்நிலைக்கேற்பச் சாதுவாகவும் கொடியதாகவும் வேஷம் மாற்றுகிறது என்றல்லவா ஆகும்! என்ஸைம் என்பது மரபுக் கட்டளையின் விளைவு. விளைவை மட்டும் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கட்டளை எழுதப்பட்ட ஏட்டையே, அதாவது டி.என்.ஏ.வையே, வாசித்தாக வேண்டியிருந்தது.

ஹாம்பர்க்கில் டானிக்கும் அவர் தோழர்களும் 1989-இல் அதைச் செய்தனர். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்துத் தொடர் வரும் இடங்களில் மட்டும் வெட்டும் என்ஸைம்களால் துண்டாடி, துண்டுகளின் நீளத்தை ஒப்பிட்டபோது, இரு வகைகளும் மரபிலேயே பிரிந்து நிற்பது புலப்பட்டது. அமெரிக்காவில் கிளார்க், டயமண்ட் இருவரும் ரைபோஸோம் மரபணுவை பி.சி.ஆர். முறையால் கோடிக்கணக்கில் பெருக்கி, வெட்டி ஒப்பிட்டு, அதே முடிவை அடைந்தனர். இனம் மாறியதாகத் தோன்றிய வளர்ப்புகளில் முன்பே கொடிய அமீபா கலந்திருந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் ஆய்வு காட்டிய விளக்கம். 1993-இல் அவர்கள் ஹிஸ்டாலிட்டிகாவின் லக்ஷணங்களைத் திருத்தி எழுதி, டிஸ்பாரைத் தனி இனமாக நிலைநிறுத்தினர். 68 ஆண்டுகளுக்குப் பின் புரூம்ப்டுக்கு நியாயம் கிடைத்தது.

இதன் பயன் ஏட்டளவில் நிற்கவில்லை. உலகில் ஏறக்குறைய 50 கோடிப் பேரின் குடலில் இந்த அமீபா இருப்பதாக முன்பு மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருந்தது டிஸ்பார்தான் என்று இப்போது விளங்கியது. மெக்ஸிகோ நகரில் 1997-இல் கூடிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள், மைக்ராஸ்கோப்பில் நான்கு உட்கருக் கூட்டை மட்டும் கண்டால் இரு பெயர்களையும் சேர்த்தே குறிக்க வேண்டும் என்றும், டிஸ்பார் மட்டும் உள்ளவருக்கு மருந்து தேவையில்லை என்றும் விதித்தனர்.

இரண்டோடும் கதை முடியவில்லை. மாஸ்கோவின் சாக்கடை நீரில் 1941-இல் கண்டு, தன்னிச்சையாக வாழ்வது என்று ஒதுக்கிவைத்த எண்டமீபா மாஷ்கோவ்ஸ்கி, தோற்றத்தில் இவற்றையே ஒத்தது. அது மனிதக் குடலிலும் இருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டு வாக்கில் பி.சி.ஆர். மூலம் எடுத்துக்காட்டினர். நம் ஊர் மலப் பரிசோதனைச் சீட்டில் மூன்றாவதாக ஒரு பெயருக்கும் இடமுண்டு என்பதை அது உணர்த்தியது. கொடிய இனத்துக்குள்ளேயே வம்சங்களைப் பிரித்தறியவும், டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களின் எண்ணிக்கையை ஒப்பிடும் முறை வந்துவிட்டது. ஒரே நோயாளியின் குடலிலும் கல்லீரல் சீழிலும் உள்ள அமீபாக்கள் வேறு வேறு மரபு வகையாக இருப்பதைக்கூட அது காட்டியிருக்கிறது.

இவ்வளவும் நடந்த பின்னும் நம் சிற்றூர் ஆய்வுக்கூடங்களில் மைக்ராஸ்கோப் ஒன்றே துணை. உள்ளே சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா தெரிந்தால் அது ஹிஸ்டாலிட்டிகா என்பதற்கு வலுவான அடையாளம். வெறும் கூட்டைக் கண்டு அவ்வாறு எழுதுவது நியாயமாகாது. மாவட்ட ஆஸ்பத்திரிகள்தோறுமாவது இனத்தைப் பிரித்தறியும் பரிசோதனைக்குச் சர்க்கார் வழிசெய்ய வேண்டும். அதுவரை, நோயின் குறி ஏதுமில்லாதவரிடம் கூட்டை மட்டும் கண்டு மருந்துச் சீட்டை எழுதுமுன் வைத்தியர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.