எக்சிற்றன்: ஒரு கருத்தின் வரலாறு

விஞ்ஞான வரலாற்றிற் சில வேளைகளிற் கருத்து முன்செல்லச் சான்று பின்தொடரும். வேறு சில வேளைகளிற் பொருள் கைவசமிருக்க, அதன் சிறப்பு உணரப்படாது கிடக்கும். எக்சிற்றனின் வரலாற்றில் இவ்விரு நிலைகளையும் காணலாம்.

ஒளியை உறிஞ்சும் பளிங்குகள் யாவும் அதனால் மின்னைக் கடத்துவதில்லை. அவ்வாறாயின், உறிஞ்சப்பட்ட சக்தி பளிங்கினூடே எவ்வாறு செல்கின்றது? 1931 இல் சோவியத் பௌதிகவியலாளர் யாக்கொவ் பிரெங்கெல், அணுவொன்றில் ஏற்பட்ட அருட்டல், ஏற்றத்தைக் காவாது அணுவிலிருந்து அணுவுக்குச் செல்லும் என்றார். 1936 இல் அதற்கு எக்சிற்றன் எனப் பெயரிட்டார். 1937 இல் கிரெகரி உவானியர், அருட்டப்பட்ட இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று கவர்ந்து, ஐதரசன் அணுவை ஒத்த சோடியாக அமையலாம் எனக் காட்டினார்.

கருத்து உருப்பெற்றும் தெளிவான சான்று கிட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1950களின் தொடக்கத்தில், ஜப்பானில் ஹயாஷியும் கட்சுகியும், லெனின்கிராட்டிற் குரொசும் காரியெவும், குப்பிரசு ஒட்சைட்டின் உறிஞ்சல் நிறமாலையில் ஐதரசனுடையதை ஒத்த கோட்டு வரிசையைக் கண்டனர். குரொசும் காரியெவும் தம் முடிவை வெளியிட்ட 1952 ஆம் ஆண்டிலேயே பிரெங்கெல் மறைந்தார்.

இச்சோடியை மெல்லிய தளமொன்றினுள் அடக்கினால் யாது நிகழும்? 1974 இல் பெல் ஆய்வுகூடத்தில் டிங்கிளும் அவர்தம் துணைவரும், கல்லியம் ஆசனைட்டு மென்படைகளில் இவ்வடக்கத்தின் விளைவை நிறமாலையிற் கண்டனர். அப்படைகள் செயற்கையாக ஆக்கப்பட்டவை. மொலிப்தனம் இருசல்பைட்டோ இயற்கையிலேயே படைபடையாக அமைந்தது. படைகளைப் பிணைப்பது நலிந்த வந்தர்வாலிசு விசையே. 1966 இற் பிரின்ட் சில மூலக்கூற்றுப் படைகளே தடிப்பான பளிங்குகளைப் பெற்றார். 1986 இல் ஒற்றைப்படையும் பெறப்பட்டது. எனினும், 2004 இற் கிரபீன் பற்றிய ஆய்வு வெளிவந்த பின்னரே இத்துறை விரைவுற்றது. 2010 இல் இரு குழுவினர், தடித்த பளிங்கிலும் ஒற்றைப்படை பன்மடங்கு பிரகாசமாக ஒளிர்வதைக் கண்டனர்.

காரணம் யாது? தடித்த பளிங்கில் இலத்திரனும் துளையும் வெவ்வேறு உந்தம் கொண்டு நிற்பதால், அவை கூடி ஒளியை உமிழ்தல் அரிது. ஒற்றைப்படையில் அவை ஒரே உந்தத்தில் அமைகின்றன. மேலும், அவற்றின் கவர்ச்சியைத் தணிக்கும் ஊடகம் அங்கே குறைவு. ஆதலாற் பிணைப்புச் சக்தி சில நூறு மில்லி இலத்திரன்வோற்றளவுக்கு உயர்கின்றது. அறைவெப்பநிலையின் வெப்பச்சக்தி ஏறத்தாழ 25 மில்லி இலத்திரன்வோற்று மட்டுமே. அது இச்சோடியை எளிதிற் பிரிக்கவியலாது.

பிரெங்கெலின் கருத்து சான்றுக்குக் காத்திருந்தது. ஒற்றைப்படையோ தன்னிடம் தக்க வினாவை எழுப்புவோருக்குக் காத்திருந்தது. ஆய்வுக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.